இளவேனிற் பத்து

சித்திரை வெயிலில், தம்பானூர் ரயில் நிலையத்தில் ஊருக்குச் செல்லும் வண்டிக்காகக் காத்திருந்தபோது ஐங்குறுநூற்றை விரித்தோம். 1903-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய இத்தொகையைத் தொகுப்பித்தவன், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேரமன்னன். ஆகவே கேரளத்தில் வாழும் நமக்கு இது அயலார் நூலன்று.

இதில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' உண்டு. பத்தும் சிறு பாட்டுகள். பத்திலும் ஒரே ஏக்கம். குயில் கூவுகிறது, வேம்பு பூக்கிறது; பருவம் வந்துவிட்டது, தலைவன் வரவில்லை.

இளமையில் தலைவிக்காக இரங்கினோம். பிழைப்புக்காகப் பிரிந்து, சென்ற கோடையில் விடுப்புக் கிடைக்காமல் வீட்டாரைக் காக்க வைத்த நமக்கு, வாராத அத்தலைவன் நாமே என்பது இப்போது புரிகிறது. விடுமுறையில் காதற்கதை தேடும் நம் பிள்ளைகளுக்கு இப்பத்துப் பாட்டுகளையும் கொடுப்போம். காத்திருப்போர் நெஞ்சை அவர்கள் இளமையிலேயே அறியட்டும்.