குடிகாரரின் மகள்: சோனியாவின் ஆளுமை உருவாக்கம்



தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் சோனியாவைத் தியாகத்தின் திருவுருவாகக் காண்பதே பெருவழக்கு. வீட்டாரின் பசி தீர்க்கத் தன்னை விற்றவள், கொலை செய்தவனையும் வெறுக்காதவள் என்று வாசகர் அவளைப் போற்றுவர். அந்தப் போற்றுதலில் ஓர் எளிய உண்மை மறைந்துபோகிறது. சோனியா ஒரு குடிகாரரின் மகள். அவளுடைய பொறுமையும் மௌனமும் ஓயாத குற்றவுணர்வும் வானிலிருந்து இறங்கிய அருட்குணங்கள் அல்ல. அந்த வீட்டில் வாழ்ந்து பழகியவை.

இது வலிந்து கொள்ளும் பொருளன்று. 1865-இல் தஸ்தயேவ்ஸ்கி எழுதத் திட்டமிட்டிருந்த நாவலின் பெயரே 'குடிகாரர்கள்' என்பதாகும். குடி குடும்பங்களை என்ன செய்கிறது, அத்தகைய சூழலில் குழந்தைகள் எவ்வாறு வளர்கின்றனர் என்பவற்றைக் காட்டப்போவதாகப் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு அவர் கடிதம் எழுதினார். 1863-இல் ரஷ்யாவின் மதுவரி முறை மாற்றப்பட்டபின் வோட்கா மலிந்து, மதுக்கடைகள் பெருகியிருந்த காலம் அது. அந்த நாவல் எழுதப்படவில்லை. அதற்கென எண்ணியிருந்த மர்மெலாதோவ் குடும்பம் மட்டும் 1866-இல் வெளிவந்த 'குற்றமும் தண்டனையும்' நாவலில் இடம்பெற்றது.

மனைவியை இழந்த மர்மெலாதோவ், மூன்று குழந்தைகளுடன் நின்ற காதரீனா இவானோவ்னாவை மணந்தபோது சோனியாவுக்கு வயது 14. அதன்பின் ஓராண்டுக்காலம் அவர் மதுவைத் தொடவில்லை. வேலை போயிற்று, குடி வந்தது. மீண்டும் கிடைத்த வேலையின் சம்பளப் பணத்தையும் மனைவியின் பெட்டியிலிருந்து திருடிக்கொண்டு போய்க் குடித்துத் தீர்க்கிறார். மனைவியின் காலுறைகளைக்கூட விற்றுக் குடித்தவர். எனினும் அவர் கொடியவர் அல்லர், சிக்கலே அதுதான். அழுவார், தம்மையே இகழ்வார், மகள்மீது உயிரை வைத்திருப்பார். கொடிய தந்தையாக இருந்திருப்பின், வெறுத்தேனும் அவள் விலகி நின்றிருக்கலாம்.

குடி தெளியாத நிலையில் அவர் சோனியாவிடம் போய்ப் பணம் கேட்கிறார். அவள் எப்படி ஈட்டிய பணம் என்பதை அறிந்தே கேட்கிறார். தன்னிடம் எஞ்சியிருந்த 30 கோபெக்கை அவள் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு சொல் பேசவில்லை, பார்க்கிறாள், அவ்வளவே. முதல் இரவில் அவள் சிற்றன்னையின் முன் வைத்த தொகை 30 ரூபிள். அன்றும் பேசவில்லை, பச்சைச் சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு சுவரை நோக்கிப் படுத்துவிட்டாள். கண்டித்தால் தந்தை உடைந்துபோவார், மறுத்தால் வீடு உடைந்துபோகும் என்று அறிந்த பிள்ளையின் மௌனம் இது. இதனை அடக்கம் என்று பாராட்டுவது எளிது.

கவிதை எழுதுவோர் ஊன்றி நோக்கத்தக்க இடம் வேறொன்று உண்டு. தான் கொடுமை இழைத்தவள் என்று சோனியா ரஸ்கோல்னிகோவிடம் அழுது சொல்கிறாள். என்ன கொடுமை? தந்தை இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு, தலைவலிக்கிறது, ஏதேனும் படித்துக் காட்டு என்று அவர் கேட்டார். நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். மலிவாக வாங்கிய பூவேலைக் கழுத்துப்பட்டிகளைக் காதரீனா ஆசையோடு அணிந்து பார்த்துத் தனக்குத் தரும்படி கேட்டபோது, உங்களுக்கு இவை எதற்கு என்று கேட்டுவிட்டாள். இவ்வளவே அவளுடைய பாவம். தன்னையே கொடுத்தவளின் நினைவில், கொடுத்தது எதுவும் கணக்கில் இல்லை. கொடுக்க மறுத்த இரண்டு சிறு பொழுதுகளே தைத்து நிற்கின்றன. அவளுக்குச் சமய நம்பிக்கை உண்டு என்பது உண்மையே. ஆயினும் நம்பிக்கை மட்டும் இந்தக் கணக்கைக் கற்பித்திருக்க இயலாது.

சோனியா வளர்ந்த ஆண்டுகளை நாவலாசிரியர் நேரில் காட்டவில்லை. அவற்றைப் போலெங்காவிடம் காணலாம். காதரீனாவின் மூத்த மகளான அச்சிறுமிக்கு வயது பத்து இருக்கும். தாய் புலம்பும்போது அவளுக்குப் பாதி விளங்குவதில்லை. ஆனால் தாய்க்குத் தன் துணை தேவை என்பது விளங்குகிறது. ஆகவே எல்லாம் விளங்கியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, பெரிய விழிகளால் தாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இடையே தம்பியின் உடையைக் களைந்து படுக்க ஆயத்தம் செய்கிறாள். போலெங்காவுக்கும் உன் கதிதான் நேரும் என்று ரஸ்கோல்னிகோவ் சொன்னபோதுதான் சோனியா அலறுகிறாள். தனக்கு நேர்ந்ததற்கு அவள் ஒருபோதும் அவ்வாறு அலறியதில்லை.

ரஸ்கோல்னிகோவ் தன் கொலையை வெளியிட்டதும் சோனியா அவனைத் தழுவிக்கொள்கிறாள்; உலகில் அவனைவிடத் துயருற்றவர் இல்லை என்கிறாள். வீழ்ந்த ஒருவரின் வேதனையை அவருடைய குற்றத்துக்கு முன்பே காணும் பழக்கம் தந்தையிடம் பெற்றது. ஆனால் அடுத்து நடப்பது புதியது. நாற்சந்திக்குப் போய் மண்ணை முத்தமிட்டு, கொலை செய்தேன் என்று உரக்கச் சொல் என்கிறாள். தந்தையிடம் ஒரு முறைகூடச் சொல்லாத கண்டிப்பான சொல் இங்கே பிறக்கிறது. 30 கோபெக்கைப் பேசாமல் கொடுத்தவள், இவனுக்கு அத்தகைய காசைக் கொடுக்க மறுக்கிறாள். சோனியா வளர்ப்பின் கைதி மட்டுமல்லள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழைய தழும்பு முற்றும் மறைந்தது என்றும் கூற இயலாது. சைபீரியாவிலிருந்து அவள் ரஸ்கோல்னிகோவின் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறாள். அவன் உடல்நிலை, செய்யும் வேலை, உண்ணும் உணவு, யாரிடம் எப்படிப் பேசினான் என்பன எல்லாம் அக்கடிதங்களில் துல்லியமாக இருக்கின்றன. தன் நம்பிக்கை, தன் ஏக்கம், தன் மனநிலை பற்றி அவள் ஒரு வரியும் எழுதுவதில்லை.