நடுக்குவாதக்காரருக்கு யார் துணை?

(செய்யூரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கூலியும் வீட்டுமனைப் பட்டாவும் பேசுகிற இந்த மேடையில் இன்று ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நோயும் கூலிப் பிரச்சினைதான். நாற்று நடுகிற கை நடுங்கினால் கூலி இல்லை. உப்பு வாருகிற தோள் இறுகினால் கூலி இல்லை.

நாட்டில் இதை நடுக்குவாதம் என்பார்கள். டாக்டர்கள் பார்க்கின்சன் நோய் என்கிறார்கள். மூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் அணுக்கள் கொஞ்சங் கொஞ்சமாக அழிவதால் வருவது இது. கை நடுங்கும், உடம்பு இறுகும், நடை குறுகும், குரல் தாழும். முகத்தில் சிரிப்பும் தெரியாது, கோபமும் தெரியாது. ஊர் என்ன சொல்கிறது? குடிகாரன் என்கிறது, சோம்பேறி என்கிறது, செய்வினை என்கிறது. மேஸ்திரி வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறான்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் யார் தெரியுமா? லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817-ல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்தே கவனித்தவர். அதே மனிதர்தான் 1790-களில், ஏழைக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று ‘ஓல்டு ஹூபர்ட்’ என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-ல் சர்க்கார் அவரை அழைத்து விசாரித்தது. ஓட்டில்லாத ஏழைக்காக எழுதிய கைதான் இந்த நோயையும் எழுதி வைத்தது.

மருந்து இருக்கிறது, தோழர்களே. லெவோடோபா என்ற மருந்து 1960-களில் பயனுக்கு வந்தது. அது நோயை வேரோடு அறுக்காது. ஆனால் ஆளை எழுந்து நடக்க வைக்கும். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. களை எடுக்கப் போன மனைவி மத்தியானம் ஓடி வந்து மாத்திரை கொடுக்க முடியுமா? அவளும் வேலையை விட்டால் அடுப்பு எரியுமா? டாக்டர் எழுதும் சீட்டில் இதற்குப் பதில் இல்லை. அதனால்தான் சமூகப் பணியாளர் வேண்டும் என்கிறோம்.

சமூகப் பணியாளர் என்றால் பழம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளும் தர்மவான் அல்ல. படித்துப் பயிற்சி பெற்ற ஊழியர். இந்தப் படிப்பு பம்பாயில் 1936-லும் சென்னையில் 1952-லும் தொடங்கியது. அவர் வீட்டுக்கே வருகிறார். வாசல்படியிலா, கக்கூசிலா, கிணற்றடியிலா, எங்கே விழுந்துவிடுவார் என்று பார்க்கிறார். யார் எந்த வேளைக்கு மாத்திரை கொடுப்பது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்கிறார். மனச்சோர்வும் இந்த நோயின் பகுதிதான் என்று விளக்குகிறார். பராமரிக்கிற பெண்ணின் உடம்பையும் விசாரிக்கிறார். எந்த ஆபீசில் எந்த மனு என்று கூடவே வந்து நிற்கிறார்.

அந்த மனு பிச்சை அல்ல, உரிமை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்கிறது. பார்க்கின்சன் நோய் அதில் ஒன்று. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் பல சலுகைகளுக்குக் கதவு திறக்கும். தமிழ்நாட்டில் இந்த நோயாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023-ல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு இன்னொன்றும் உண்டு. ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் பார்க்கின்சன் இருக்கிறது. சந்தா நிபந்தனைகள் நிறைவேறினால் கூலியில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கிடைக்கும்.

வயலில் வேலை செய்கிறவனுக்கு அந்த ஈ.எஸ்.ஐ. ஏது? செய்யூரிலிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் நோயாளியோடு துணைக்குப் போனவரின் ஒரு நாள் கூலியும் போகிறது. இன்னொரு அநியாயத்தையும் கேளுங்கள். பூச்சிமருந்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாருக்கும் அதனாலேயே வந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிரான்ஸ் நாடு 2012-ல், பூச்சிமருந்தோடு வேலை செய்த விவசாய உழைப்பாளிக்கு இது தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டது. நம் முதுகில் தெளிப்பான் தொங்குகிறது; நம் கணக்கை யார் எழுதுகிறார்கள்?

முடியாது என்ற பேச்சை நாம் ஏற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ன காட்டியது? சர்க்கார் மனம் வைத்தால் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் குடிசை வாசலுக்கு வரும் என்று காட்டியது. ஆகவே நாம் கேட்கிறோம்: ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மாதச் சம்பளத்தில் ஒரு சமூகப் பணியாளர் வேண்டும்! லெவோடோபா தட்டில்லாமல் கிடைக்க வேண்டும்! சான்று முகாம் தாலுகாவிலேயே நடக்க வேண்டும்! பராமரிக்கும் பெண்ணின் இழந்த கூலிக்கு ஈடு வேண்டும்!

அது வரும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் ஊரில் கை நடுங்கி மூலையில் கிடப்பவர் யார் என்று விசாரிக்கட்டும். இரண்டு தோழர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகட்டும். மத்தியான மாத்திரைக்குப் பக்கத்து வீடு பொறுப்பேற்கட்டும். எந்த மருந்து தெளித்தார், எத்தனை வருஷம் தெளித்தார் என்று நோட்டில் எழுதுங்கள். நாளை நஷ்டஈடு கேட்க அதுவே சாட்சி.

உழைத்து நடுங்கிய கையைப் பிடிப்பது சங்கத்தின் வேலை, தோழர்களே. நாளைக் காலையிலேயே தொடங்குவோம்!