கட்டணமில்லா மாளிகை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அமெரிக்கப் பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் பணித்தார். வானளாவும் கட்டடங்களைப் பற்றி நீங்கள் நிரம்பக் கேட்டிருப்பீர்கள். ஆதலின், சிகாகோ நகரில் கண்ட பழைய மாளிகை ஒன்றைப் பற்றி மட்டும் கூற விழைகின்றேன்.

சிகாகோ என்றவுடன் 1893-ஆம் ஆண்டில் விவேகானந்த அடிகள் ஆற்றிய உரை நம் நினைவுக்கு வரும். அவர் முழங்கிய கட்டடம் மிச்சிகன் பெருவீதியில் உள்ளது. அவ்வீதியிலேயே சிறிது தொலைவு நடந்தால் நான் கூறும் மாளிகையை அடையலாம். இன்று அதன் பெயர் சிகாகோ பண்பாட்டு மையம். கட்டப்பெற்ற நாளில் அது நகரப் பொது நூலகம்.

அந்நூலகம் நெருப்பில் பிறந்தது எனலாம். 1871-இல் மூண்ட பெருந்தீயில் ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். 1,00,000 பேர் வீடிழந்தனர். அதனைக் கேட்டு இரங்கிய இங்கிலாந்து மக்கள் 8,000-க்கு மேற்பட்ட நூல்களைத் திரட்டி அனுப்பினர். விக்டோரியா அரசியாரும் கவிஞர் டென்னிசனும் வழங்கியோருள் அடங்குவர். வந்த நூல்களை வைக்க இடமேது? 1873-இல் பழைய இரும்பு நீர்த்தொட்டி ஒன்றே நூலகமாயிற்று. நீர் நிறைந்த இடத்தில் நூல் நிறைந்தது!

1897-இல் இம்மாளிகை எழுந்தது. வெண்சலவைக் கற்படிகளில் ஏறிச் சென்றால், சுவரெங்கும் வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த அணிவேலைப்பாடு. மேலே 38 அடி விட்டமுள்ள கண்ணாடிக் கவிகை. அதில் ஏறத்தாழ 30,000 துண்டுகள் உள்ளனவாம். கிரேக்கம், எபிரேயம், அரபு, சீனம் எனப் பல மொழிகளின் பொன்மொழிகள் அவ்வம்மொழி எழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. செர்மானியரும் ஐரிசு மக்களும் போலந்து மக்களும் பிழைப்பு நாடிக் குடியேறிய நகரம் அது. அரசர்க்குரிய இவ்வெழிலை, உழைத்துக் களைத்து நூல் தேடி வரும் எளியோர்க்கென அந்நகரத்தார் சமைத்தனர். இதனை எண்ணியபொழுது என் நெஞ்சம் நெகிழ்ந்தது.

எனினும் அம்மாளிகைக்கும் இடர் வந்தது. நூல்கள் பெருகின; இடம் போதவில்லை. 1970-களின் தொடக்கத்தில் இடித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அப்பொழுது நகர மேயரின் துணைவியார் எலினார் டேலி அம்மையார், பழைய அழகிய கட்டடங்கள் காக்கப்பட வேண்டும் என வெளிப்படையாகக் கூறினார். பொதுமேடையை நாடாத ஓர் இல்லத்தரசியின் சொல்லுக்கு இருந்த ஆற்றலைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்! கட்டடம் பிழைத்தது. 1977-இல் அது பண்பாட்டு மையமாயிற்று; 1991-இல் புதிய தலைமை நூலகம் வேறிடத்தில் திறக்கப்பட்டது.

1930-களில் வெளிப்புறத்தே மூடப்பட்டதால், அக்கவிகை நெடுங்காலம் கதிரொளி காணாதிருந்தது. 2008-இல் அதனைச் செப்பனிட்டு, மீண்டும் பகலொளி புகச் செய்தனர். இன்று அங்கே ஓவியக் காட்சியும் இசையும் நடனமும் நிகழ்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. செல்வரும் வறியரும் ஒரே படியில் ஏறுகின்றனர். குளிருக்கு ஒதுங்கியவரும் ஓவியத்தின் முன் நின்று விடுகின்றார்.

அன்பர்களே! பொதுவிடம் ஒன்று அழிவது பெரும்பாலும் அதனை நாடுவார் குறைவதனால்தான். நம் குடியிருப்பிலுள்ள பிள்ளைகள் தமிழெழுத்தைக் காண்பதற்கு இச்சங்கத்தின் படிப்பறையை விட்டால் வேறு இடம் அரிது. ஆண்டு விழாவன்று நிறையும் இவ்வரங்கம் ஏனைய நாட்களில் வெறிச்சோடலாமா? திங்களுக்கு ஒரு முறையேனும் பிள்ளைகளைக் கைப்பிடித்து இங்கு அழைத்து வாருங்கள். இந்நகரில் கட்டணமின்றித் திறந்திருக்கும் கலைக்கூடங்களுக்கும் அழைத்துச் செல்லுங்கள். "இது எங்கள் இடம்" என்று அவர்கள் உரிமையோடு சொல்லப் பழகிவிட்டால், நாளை அதற்கு இடர் நேரும்பொழுது காக்க முன்வருவோர் அவர்களாகவே இருப்பர்.