கலப்பையை இறக்கிய பின்னரே எண்ணெயை அளத்தல் வேண்டும்

அயர்லாந்திலே கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த ஹரி பேர்குசன் அமைத்த சிறிய உழவு இயந்திரம், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் 5 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. எண்ணெயின் அழுத்தத்தாற் கலப்பையை உயர்த்துவதும் தாழ்த்துவதுமே அதன் சிறப்பு. அடைபட்ட திரவத்தின்மேற் செலுத்தும் அழுத்தம் எத்திசையும் குறையாது பரவும் என 17ஆம் நூற்றாண்டிற் பஸ்கால் கண்ட விதியே இதற்கு ஆதாரம்.

வலிமை எண்ணெயிலே தங்கியிருப்பதால், அதன் மட்டத்தை அறிதல் கமக்காரன் கடமை. ஆயினும், அளக்கும் முறையிலே தவறு நேர்வதுண்டு. கலப்பை உயர்ந்து நிற்கையில் எண்ணெயின் ஒரு பகுதி உருளையினுள் இருக்கும். அளவுகோல் குறைவே காட்டும். அதனை நம்பி எண்ணெய் வார்த்தால், கலப்பை இறங்கியதும் அளவு மிஞ்சிவிடும்.

ஆதலின், சமதரையில் நிறுத்தி, கலப்பையை நிலத்தில் இறக்கி, எஞ்சினை அணைத்துச் சற்றுப் பொறுத்தல் நன்று. சுற்றிலுமுள்ள தூசியைத் துடைத்த பின்னரே கோலை உருவுதல் வேண்டும். மணல்துகளும் பம்பியைத் தேய்த்துவிடும். கோலைத் துடைத்து மீளச் செருகி எடுத்தால், இரு குறிகளுக்கிடையே மட்டம் தெரியும். எண்ணெய் மிகக் குறைந்தாற் பம்பி காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், கலப்பை நடுங்கி உயரும். பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது. அதனை மாற்றுதலே தகும். கைந்நூலிற் குறித்த எண்ணெயை மாத்திரமே வார்த்தல் வேண்டும்.

எஞ்சின் ஓடுகையில் ஒழுக்கைக் கையால் தடவித் தேடுவது பேராபத்து. நுண்ணிய துளையினூடே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாகத் தோன்றினும், உடனே வைத்தியரிடம் செல்லாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பார்த்தாலே ஒழுக்குப் புலப்படும். சில நிமிடப் பொறுமை இயந்திரத்தையும் அதனை ஆளும் கையையும் ஒருங்கே காக்கும்.