காட்டோரத் தீயைத் தடுத்தல்



ஆனி முதல் ஆவணி வரை தென்மேல் பருவக்காற்று மத்திய மலையைக் கடந்து, ஊவாச் சரிவுகளில் வறண்ட காற்றாக வீசும். அக்காலத்தில் மானாப்புல் வைக்கோல்போற் காய்ந்துவிடும். அதற்கு மேலே, 1970களிலும் 1980களிலும் அரச காணிகளில் நடப்பட்ட பைன் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை. எளிதில் உக்காமல் தரையிற் படிந்து கிடப்பவை. இங்கே தீயை மூட்டுவது பெரும்பாலும் மனிதர் கைதான். மேய்ச்சலுக்கு இளம்புல் வேண்டிச் சிலர் வைக்கும் தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். பின்பு எவர் ஓடி அணைப்பது?

எரிந்த மலையில் மழைநீர் எளிதிற் சுவறாது. மேல்மண்ணை வாரிவந்து நம் வாய்க்காலைத் தூர்க்கும். ஊற்று வற்றினால் மரக்கறிப் பாத்திக்கும் வயலுக்கும் நீர் ஏது?

ஆகவே, வைகாசி முடியுமுன் கமக்காரர் அமைப்பினர் வன உத்தியோகத்தரைக் கண்டு, அனுமதி பெற்று, காட்டோரத்தில் தீத்தடுப்பு வெளியைக் கூட்டாகத் துப்புரவு செய்தல் வேண்டும். வெட்டிய மானாவை அங்கேயே எரித்தல் ஆகாது. விதை பிடிக்குமுன் வெட்டினால் அது பாத்திகளுக்கு நல்ல பத்திரக்கலவையாகும்.

பைன் தோட்டத்தையும் படிப்படியாக மாற்றலாம். சிங்கராஜாவின் எல்லையில் 1991இல் பைன் வரிசைகளை இடையிடையே நீக்கிச் சுதேச மரக்கன்றுகள் நடப்பட்டன. வெளிச்சம் கிடைத்த இடங்களில் அவை நன்கு வளர்ந்தன. ஆயினும் அது மழைக்காடு. அக்கன்றுகள் ஊவாவுக்குப் பொருந்தா. இங்கே இயல்பாய் வளர்பவை கடுக்காய், தான்றி, நெல்லி என்பனவே. நட்ட கன்றைச் சுற்றிப் புல் வெட்டும் வேலை சில ஆண்டுகளுக்கு உண்டு. அதற்கு ஆட்களை இப்பொழுதே பங்கிட்டுக்கொள்ளுங்கள்.