தற்சார்பு வாழ்வுக்குக் குழந்தைகளைப் பழக்குதல்

(குழந்தைகள் நலப் பணியில் ஈடுபட்டுள்ள அலுவலர்களும் சமூகப்பணி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

இந்தியாவில் 18 வயது நிரம்பியவர் சட்டத்தின் பார்வையில் முழு மனிதர். அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், சொத்தை விற்கலாம், கடன் வாங்கலாம், 1989 முதல் வாக்களிக்கவும் செய்யலாம். இத்தனை உரிமைகளையும் சட்டம் ஒரே நள்ளிரவில் வழங்கிவிடுகிறது. அவற்றைக் கையாளும் திறனோ அவ்வாறு ஒரே இரவில் வந்து சேர்வதில்லை.

பெரும்பாலான குடும்பங்களில் இந்த இடைவெளி வெளியே தெரிவதில்லை. பிறந்த நாளுக்கு மறுநாளும் தாய் சோறு போடுகிறாள். தந்தை கட்டணம் செலுத்துகிறார். கல்லூரி முடிந்து, வேலை கிடைத்து, திருமணமும் ஆன பின்னரே பிள்ளைக்கு ரேஷன் அட்டை எங்கிருக்கிறது என்று தெரியவருவதும் உண்டு. குடும்பத்தின் அன்பு இக்குறையை மூடிவைக்கிறது. அப்படி மூடிவைக்க எவருமில்லாத ஒரு பிரிவினர் நம் நாட்டில் உள்ளனர். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிரம்பியதும் வெளியேறும் இளைஞர்களே அவர்கள். குழந்தைகளை வாழப் பழக்குகிறோமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை வேண்டுமெனில், இவர்களுடைய முதல் ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். அதிலும், இக்குழந்தைகளுக்கு அரசே பெற்றோர் நிலையில் நிற்கிறது. பெற்றோரைக் குறை கூறித் தப்பிக்க வழியில்லை.

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்கு 21 வயது வரை பிற்காப்பு அளிக்க அது வகை செய்கிறது. சிறப்பான சூழ்நிலைகளில் மேலும் ஈராண்டுகள் நீட்டிக்க 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இடமளிக்கின்றன. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பிற்காப்பில் உள்ள ஒருவருக்கு மாதம் ரூ. 4,000 உதவித்தொகையாக நிர்ணயித்தன. தொகை போதுமா என்பது வேறு விவாதம். நாலாயிரம் ரூபாயைத் தன் கையில் வைத்து ஒரு மாதத்தை ஓட்டிய அனுபவம் அந்த இளைஞருக்கு அதற்கு முன் ஒரு முறையேனும் வாய்த்ததா என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

இல்லத்தின் அன்றாட வாழ்க்கை அலுவலர்களுக்குப் புதிதன்று. எழும் நேரம், குளிக்கும் நேரம், உண்ணும் நேரம் யாவும் கால அட்டவணையில் உண்டு. உணவுக்கு அளவு உண்டு. உடைக்கு அளவு உண்டு. சோப்புக்கும் தலைக்கு எண்ணெய்க்கும்கூட அளவு உண்டு. இந்த அளவுத் திட்டங்களை ஏளனம் செய்வது எளிது; ஆனால் அது நியாயமாகாது. குழந்தையின் பங்கைப் பெரியவர்கள் திருடாமல் காப்பதற்காக எழுதப்பட்ட வரிகள் அவை. அவை இல்லாத காலத்தில் பசித்திருந்த குழந்தைகளும் உண்டு. எனினும், அளவின்படி எல்லாம் வந்து சேரும் இடத்தில் வளரும் குழந்தை, சோப்பு என்ன விலை என்று அறியாமலே வளர்கிறது. பருப்பு எத்தனை நாளைக்கு வரும், விலை ஏறினால் எதைக் குறைப்பது, மாதக் கடைசிக்கு எதை ஒதுக்கி வைப்பது என்பனவற்றையெல்லாம் அலுவலகத்தில் உள்ள ஒரு பதிவேடு அறியும், குழந்தை அறியாது.

வெளியேறிய முதல் மாதத்தில் அவ்விளைஞர் செய்ய வேண்டியவற்றைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். வாடகைக்கு அறை தேட வேண்டும். முன்பணம் கொடுத்தால் ரசீது கேட்க வேண்டும். ஆதார் அட்டையில் இல்லத்தின் முகவரி இருக்கும். அதை மாற்ற வேண்டும். ஊதியச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் பிடித்தம் செய்திருப்பார்கள். அது இழப்பன்று, தன் உரிமை என்று அறிந்திருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் அரசு மருத்துவமனையில் எந்த வரிசையில் நின்று சீட்டு வாங்குவது என்று தெரிய வேண்டும். கைப்பேசியில் வங்கி அதிகாரியென்று பேசி ரகசிய எண்ணைக் கேட்பவனிடம் மறுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது, முதல் சம்பளத்தன்று கடன் கேட்கும் நண்பனிடம் இல்லை என்று சொல்வது. இல்லத்தில் அவனுக்குச் சொந்தப் பணம் இருந்ததில்லை. ஆகவே ஒருவருக்கு மறுத்த பழக்கமும் இல்லை.

பாடமாகிவிட்ட வாழ்க்கை

இக்குறையைக் கல்வித் துறை உணராமல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் திறன்கள் எனப் பத்தினைத் தொகுத்து வெளியிட்டது. முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னையறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் முதலியன அவற்றுள் அடங்கும். குறை கூற இடமில்லாத பட்டியல் அது. ஆனால் நம் பள்ளிகளில் அது பெரும்பாலும் கையேடாகவும், வாரத்தில் ஒரு பாடவேளையாகவும், ஆண்டிறுதியில் ஒரு தரக்குறியீடாகவும் சுருங்கிவிட்டது. முடிவெடுத்தலைப் பற்றி நாற்பது நிமிடம் கேட்ட மாணவி, அன்று மாலை வீட்டில் எந்த முடிவையும் எடுக்க அனுமதிக்கப்படுவதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்பிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

இந்த நிலை நமக்குத் தவிர்க்க முடியாததாக இருந்ததில்லை என்பதை நினைவூட்ட வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதனையடுத்து ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்தன. தஞ்சையில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா அக்குழுவின் உறுப்பினர். சேவாகிராமத்தில் அக்கல்வியை நடத்திக்காட்டிய ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். அங்கே நூல் நூற்பதைக் காட்டிலும் குறிப்பிடத்தக்கது ஒன்றுண்டு. சமையலறை, துப்புரவு, தோட்டம் ஆகிய பொறுப்புகளைப் பிள்ளைகளே பகிர்ந்து ஏற்றனர். சமையல் கெட்டால் அனைவரும் கெட்டதையே உண்ண வேண்டியிருக்கும். விளைவு உண்மையானதாக இருந்தமையால் பயிற்சியும் உண்மையானதாக இருந்தது.

பின்னர் வந்தவற்றில் இந்த உயிர் இல்லை. கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964–66) பணி அனுபவத்தை வலியுறுத்தியது. ஈசுவரபாய் படேல் குழு 1977-இல் சமுதாயப் பயனுள்ள ஆக்கப்பணியைப் பரிந்துரைத்தது. பள்ளிகளில் அது மெழுகுவத்தியாகவும் காகிதப் பூவாகவும் முடிந்தது. மதிப்பெண் நாளுக்கு முந்தைய மாலையில் கடையில் வாங்கி வந்து ஒப்படைத்தவர்களும் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளுக்கு ‘பயனுள்ள ஒரு பாடவேளை வீணாயிற்று’ என்று மாணவர்கள் பொருள் கூறிச் சிரித்தனர். மாணவர்களின் கேலி சில வேளைகளில் மதிப்பீட்டு அறிக்கையைவிடத் துல்லியமாக அமைந்துவிடுகிறது. அந்த மெழுகுவத்தியை எவரும் ஏற்றப் போவதில்லை. அது எரியாவிட்டால் எவர் வீடும் இருளப் போவதில்லை. தேசியக் கல்விக் கொள்கை, 2020 ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்களைப் புத்தகப் பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றோரிடம் கழிக்குமாறு கூறுகிறது. அந்நாட்கள் சுற்றுலாவாகவோ காகிதப் பூவாகவோ மாறாமல் காப்பது, கொள்கையை எழுதியவர்கள் கையில் இல்லை. பள்ளியை நடத்துவோர் கையில் உள்ளது.

சிறு இழப்பும் பேரிழப்பும்

பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் இதனைச் செலவுக் கணக்காகவே பார்க்கலாம். ஓர் இல்லத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவனிடம் பத்துப் பேருக்கான ஒரு வாரக் காய்கறிக்கு 600 ரூபாய் கொடுக்கப்படுகிறது என்று கொள்வோம். விலை மலிவென்று கண்டு தக்காளியை மொத்தமாக வாங்கிவிடுகிறான். மூன்றாம் நாள் பாதி அழுகிவிடுகிறது. இழப்பு ஏறத்தாழ அறுபது ரூபாய். வார இறுதியில் குழம்பு நீர்த்துவிடும். தோழர்கள் இரண்டு நாள் அவனை ஏசுவார்கள். இந்தச் சிறுவனே பத்தொன்பதாம் வயதில், தரகர் ஒருவரிடம் அறைக்கான முன்பணம் பத்தாயிரத்தை ரசீதின்றிக் கொடுத்துவிட்டால் அவன் தெருவுக்கு வந்துவிடுவான். தவறு செய்யாமல் வளர்ந்தவர் எவருமில்லை என்னும்போது, அத்தவறுகள் மலிவாக இருக்கும் வயதில் நிகழ்வதே நன்று. அறுபது ரூபாய் என்பது வீண் செலவன்று. அது கல்விக் கட்டணம்.

ஆனால் நமது கணக்கு முறையில் அப்படியொரு தலைப்பு இல்லை. அழுகிய தக்காளிக்குக் கண்காணிப்பாளர் விளக்கம் எழுத வேண்டும். சந்தைக் கடைக்காரர் ரசீது தருவதில்லை. ரசீதில்லாச் செலவுக்குத் தணிக்கைத் தடை வரும். சிறுவன் தனியே சந்தைக்குச் சென்று தாமதமாகத் திரும்பினாலோ, இதைவிடக் கடினமான கேள்விகள் எழும். ஆகவே, பெட்டகச் சாவியையும் வாயிற்கதவுச் சாவியையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் கண்காணிப்பாளர்தான் பதிவேட்டின்படி சிறந்த அலுவலர். அவர் கொடியவர் அல்லர். ஒரு வகையில் அறிவாளி. விதிகள் எதற்குத் தண்டிக்கின்றனவோ அதைத் தவிர்க்கிறார். இம்முறை மாறாத வரையில் எத்தனை பயிற்சிக் கையேடுகளை அச்சிட்டாலும் பயனிராது.

வழி இல்லாமலும் இல்லை. மாதிரி விதிகளே ஒவ்வோர் இல்லத்திலும் 6–10, 11–15, 16–18 என்ற வயதுப் பிரிவுகளுக்குக் குழந்தைகள் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. இக்குழுக்கள் பல இடங்களில் குறைகளை எடுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றன. மூத்த பிரிவினரிடம் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒப்படைத்து, ஒரு வேளை உணவையோ விழாச் செலவையோ அவர்கள் பொறுப்பில் விடலாம். கடைக்காரர் ரசீதுக்குப் பதிலாகக் குழுவினர் கையெழுத்திட்ட குறிப்பையே சான்றாக ஏற்க மாநில அரசுகள் ஆணையிடலாம். பத்து வயது நிரம்பிய சிறுவர்கள் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் இடமளிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இல் தெளிவாக்கியது. 2025-இல் வெளியிட்ட திருத்திய நெறிகளிலும் அது நீடிக்கிறது. கணக்குத் தொடங்குவதோடு வேலை முடிவதில்லை. பணம் எடுக்கும் சீட்டைத் தானே எழுதி, வரிசையில் நின்று, தவறாக எழுதியதற்குத் திருப்பியனுப்பப்பட்டு, மீண்டும் எழுதிய பின்னரே அக்கணக்கு அக்குழந்தையுடையதாகிறது.

சிறுவர்களிடம் பணத்தை நம்பி ஒப்படைக்க இயலுமா என்று ஐயுறுவோர்க்குத் தலைநகரிலேயே சான்று உள்ளது. டில்லியில் தெருவோரச் சிறுவர்களிடையே பணியாற்றும் பட்டர்பிளைஸ் என்னும் தொண்டு நிறுவனம் 2001-இல் சிறுவர் சேமிப்பு வங்கி ஒன்றைத் தொடங்கியது. மேலாளர்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் சிறுவர்களே. அந்த மேலாளர்களும் சிறுவர்களே. கேரளத்தில் 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் பாலசபைகளும் பிள்ளைகளைக் கூடிப் பேசி முடிவெடுக்கப் பழக்குகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற பெரியவர்களுக்குச் சஞ்சாயிகா நினைவிருக்கும். மாணவர்களே பதிவேடு எழுதி, நாலணா எட்டணாவாகச் சேர்த்த அந்தச் சிறுசேமிப்புத் திட்டம் இன்று நடைமுறையில் இல்லை.

குடும்பங்களுக்கும் இதில் பாடம் உண்டு. நம் வீடுகள் பாதிப் பயிற்சியைப் பெண்ணுக்கும் மறுபாதியை ஆணுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. 2019-இல் நடந்த தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81 விழுக்காட்டினர் வீட்டுக்கான ஊதியமில்லாப் பணிகளில் ஈடுபட்டனர். ஆண்களில் 26 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டனர். பெண்ணுக்குச் சமையல் தெரியும், வங்கி தெரியாது. ஆணுக்கு வங்கி தெரியும், சோறு வடிக்கத் தெரியாது. இருவருமே பாதி சார்ந்தவர்கள்தாம்.

இவையெல்லாம் குழந்தை உழைப்பாகிவிடாதா என்ற அச்சம் மதிக்கத்தக்கதே. ஆதாரக் கல்விப் பள்ளிகள் தம் உற்பத்தியால் தம்மைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கருத்துக்கு வார்தா மாநாட்டிலேயே பொருளாதார அறிஞர் கே. டி. ஷா ஆட்சேபம் தெரிவித்தார். அவர் ஐயம் இன்றும் பொருந்தும். ஓர் இல்லம் சமையற்காரரின் பணியிடத்தைக் காலியாக விட்டுப் பிள்ளைகளைச் சமைக்கச் சொன்னால் அது பயிற்சியாகாது, சுரண்டலே. வேலையால் மிச்சப்படும் பணம் யாருக்குச் செல்கிறது, குழந்தை அதில் எதையேனும் தீர்மானிக்கிறதா, படிப்புக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரம் கெடாமல் இருக்கிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் 39-ஆவது விதியில் சேர்ந்த வாசகம், குழந்தைகள் சுதந்திரமும் கண்ணியமும் உள்ள சூழலில் வளர வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. கண்ணியத்தை நம் இல்லங்கள் ஓரளவு நினைவில் கொண்டுள்ளன; சுதந்திரம் என்ற சொல்லைத்தான் எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

இல்லங்களை ஆய்வு செய்யச் செல்லும் அலுவலர்கள் தட்டுகளையும் படுக்கைகளையும் எண்ணிக் குறிக்கின்றனர். அது தொடர வேண்டும். அதனுடன் 16 வயது கடந்த ஒவ்வொருவரின் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தையும் புரட்டி, மூன்று கேள்விகளை அந்த இளைஞரிடமே கேட்கலாம்: கடந்த மாதம் தனியே எங்கே சென்று வந்தாய்? உன் கையால் எவ்வளவு செலவழித்தாய்? அதில் எது தவறிப் போயிற்று? மூன்றாவதற்கு ‘ஒன்றுமில்லை, ஐயா’ என்று விடை வருமாயின், ஆய்வுக் குறிப்பில் அதைக் குறையாகப் பதிய வேண்டும்.