படுக்கையிலிருந்து பிறந்த பாட்டுகள்

(மருத்துவமனை ஆதரவாளர்கள் கூட்டத்தில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)





ஆராதனையில் பாட்டின் எண்ணைச் சொல்லுகிறார்கள். புத்தகத்தைத் திறக்கிறோம், பாடுகிறோம், மூடி வைக்கிறோம். அந்தப் பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று நம்மில் அநேகர் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒரு காரியம் விளங்கும். நல்ல சுகத்தோடும் வசதியோடும் இருந்தவர்கள் மட்டுமல்ல, நாம் "பாவம், இவரால் என்ன செய்ய முடியும்" என்று சொல்லக்கூடியவர்களும் நமக்குப் பாட்டுகளைத் தந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சார்லட் எலியட் அம்மையார். 1789-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், லண்டனுக்கு அருகேயுள்ள கிளாப்பம் என்ற இடத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஹென்றி வென் பேர்பெற்ற குருவானவர். சார்லட் இளவயதில் வேடிக்கையான கவிதைகள் எழுதுவார், படம் வரைவார். ஆனால் முப்பது வயதைத் தாண்டியபோது கடுமையான வியாதி பிடித்தது. அதற்குப் பிறகு அவர் பூரண சுகத்தைக் காணவேயில்லை. பல நாட்கள் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமே கழிந்தன.

1822-ல் ஜெனீவாவைச் சேர்ந்த சீசர் மலான் என்ற ஊழியர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். சார்லட்டின் மனதில் இருந்த போராட்டத்தை அவர் அறிந்தார். முதலில் உன்னைச் சீர்படுத்திக்கொண்டு அப்புறம் ஆண்டவரிடம் வரலாம் என்று காத்திருக்காதே, இப்போது இருக்கிற நிலையிலேயே வா என்ற கருத்தில் அவர் ஆலோசனை சொன்னார். அந்த ஆலோசனை சார்லட்டின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

பல ஆண்டுகள் சென்றன. குடும்பம் கடற்கரை நகரமான பிரைட்டனில் குடியிருந்தது. தம்பி ஹென்றி வென் எலியட் அங்கே குருவானவர். வருமானம் குறைந்த குருமாரின் பெண்பிள்ளைகள் படிப்பதற்கென்று செயின்ட் மேரிஸ் ஹால் என்ற பள்ளியை நிறுவ அவர் பாடுபட்டார். அதற்குப் பணம் சேர்க்க ஒரு விற்பனை விழா ஏற்பாடாயிற்று. நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு எப்படி வீடே பரபரப்பாகுமோ, அப்படி எல்லாரும் ஓடியாடி வேலை செய்தார்கள். சார்லட்டால் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விழாவுக்கு முந்தின இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லையென்று குடும்பத்தார் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் அவரை வாட்டியது. தன்னுடைய விசுவாசமே வெறும் கற்பனையோ என்றுகூடச் சந்தேகம் எழுந்தது.

மறுநாள் எல்லாரும் விழாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் தனித்திருந்த சார்லட் பேனாவை எடுத்தார். மலான் முன்பு சொன்ன ஆலோசனையை நினைத்து, தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொள்வதற்காக ஒரு பாட்டு எழுதினார். 1836-ல் வியாதியஸ்தருக்கென்று வெளியான ஒரு பாட்டுப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. அதுதான் "ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்". தமிழ்ப் பாமாலையில் "நான் பாவிதான்" என்று தொடங்குகிற பாட்டு.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டு எழுதியதால் அவருக்குச் சுகம் கிடைத்துவிடவில்லை. 1871-ல் தமது 82-ஆம் வயதில் மரிக்கும்வரை பலவீனம் அவரோடேயே இருந்தது. ஆனால் அந்தப் பாட்டு வீட்டைவிட்டுப் புறப்பட்டு உலகமெங்கும் போயிற்று. பில்லி கிரகாம் தம்முடைய கூட்டங்களில் மனந்திரும்ப வருவோரை அழைக்கும் வேளையில் அதைப் பாட வைத்தார். 1997-ல் வெளியான தம் சுயசரிதைக்கும் அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார். சார்லட்டின் தம்பியும், என் நீண்ட கால ஊழியத்தைவிட என் அக்காளின் ஒரு பாட்டு அதிகம் செய்துவிட்டது என்ற பொருளில் சொன்னாராம்.

அதற்காக அந்த விற்பனை விழா வீண் என்று சொல்லிவிடாதேயுங்கள்! பணம் சேர்ந்தது. 1836-ல் பள்ளி திறந்தது. 2009-ல் மூடப்படும்வரை 173 ஆண்டுகள் அங்கே பிள்ளைகள் படித்தார்கள். விழாவில் உழைத்தவர்களும் கொடுத்தார்கள், வீட்டில் படுத்திருந்தவரும் கொடுத்தார். இரண்டையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது, அந்தப் பாட்டுக்கு மெட்டுத் தந்த அமெரிக்கர் வில்லியம் பிராட்பரி. 1816-ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க் ஆலயங்களில் ஆர்கன் வாசித்து, பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1849-ல் அவர் வெளியிட்ட ஒரு மெட்டு வேறொரு பாட்டுக்காக அமைக்கப்பட்டது. பிற்பாடு அது சார்லட்டின் பாட்டோடு சேர்ந்து பிரியாமல் ஒட்டிக்கொண்டது. எழுதியவர் இங்கிலாந்தில் படுக்கையில். மெட்டமைத்தவர் கடலுக்கு அப்பால் அமெரிக்காவில்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடும் "ஜீசஸ் லவ்ஸ் மி" என்ற பாட்டின் மெட்டும் இவருடையதே. 1862-ல் அமைத்தார். அதன் வரிகள் ஆனா வார்னர் என்ற பெண் எழுதியவை. 1860-ல் வந்த ஒரு நாவலில், சாகக் கிடக்கும் ஒரு சிறுவனைத் தேற்றுவதற்காகப் பாடப்படுகிறவை. இன்று சந்தோஷமாகக் கைதட்டிப் பாடும் பிள்ளைகளுக்கு, அது ஒரு நோயாளிப் பையனின் கட்டிலருகே பாடப்பட்ட பாட்டு என்று தெரியாது. பிராட்பரியும் நுரையீரல் வியாதியால் நலிந்து, 1868-ல் தமது 51-ஆம் வயதில் காலமானார்.

அவர் மரிப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1864-ல், ஒரு அம்மையாரைப் பாட்டு எழுத அழைத்தார். அவர்தான் மூன்றாவது நபர், ஃபேனி கிராஸ்பி. 1820-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆறு வாரக் குழந்தையாக இருக்கும்போது கண்ணில் வீக்கம் கண்டது. வழக்கமான மருத்துவர் ஊரில் இல்லை. வைத்தியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் சூடான பத்துப் போட்டார். பார்வை போயிற்று என்று குடும்பத்தார் நம்பினார்கள். அதே ஆண்டில் தகப்பனாரும் மரித்தார். தாயார் பிறர் வீட்டில் வேலை செய்து பிழைக்க, பாட்டியம்மாள் வேதத்தை வாசித்துக் காட்டி வளர்த்தார். அதிகாரம் அதிகாரமாக அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்தது.

பதினைந்து வயதில் நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். பிற்பாடு அங்கேயே ஆசிரியையானார். 1849-ல் நகரத்தில் காலரா பரவியபோது, ஓடிப்போகாமல் அங்கேயே தங்கி நோயாளிகளைப் பராமரிக்க உதவினார். பிராட்பரி அழைத்த பிறகு அவருடைய நாவிலிருந்து பாட்டுகள் ஊற்றெடுத்தன. மனதிலேயே பாட்டை முடித்து, பிறரை எழுதிக்கொள்ளச் சொல்லுவார். 8000-க்கும் அதிகமான பாட்டுகள்! ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரக்கூடாதென்று பதிப்பாளர்கள் பல புனைபெயர்களில் அவற்றை அச்சிட்டார்கள். ஒரு பாட்டுக்கு ஒன்றிரண்டு டாலர்தான் கிடைத்தது. அதிலும் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, எளிய வாடகை அறைகளில் குடியிருந்தார். 1915-ல் 94-ஆம் வயதில் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்.

பிரியமானவர்களே, மருத்துவமனை ஊழியத்தில் நான் அதிகமாகக் கேட்கும் வார்த்தை "வலிக்கிறது" என்பதல்ல. "ஐயா, நான் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடக்கிறேனே" என்பதுதான். வலிக்கு மருந்து இருக்கிறது. இந்த வார்த்தைக்கு மருந்துக் கடையில் ஒன்றும் கிடையாது. குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்று சொல்லும் தகப்பனுக்கும், அடுப்படிக்குப் போக முடியவில்லையே என்று அழும் தாய்க்கும் சார்லட் எலியட்டின் கதையை நான் சொல்லுவதுண்டு. எல்லாரும் பாட்டு எழுதப் போவதில்லை. ஆனால் கொடுக்க முடியாத நிலை என்று ஒன்று ஆண்டவரிடத்தில் இல்லை. இரண்டு காசு போட்ட விதவையை அவர் எப்படிக் கணக்கிட்டார் என்று நமக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொடுக்கிறவர்கள், நோயாளிகள் வாங்கிக்கொள்கிறவர்கள் என்று நாம் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். பாட்டுப் புத்தகம் அப்படிப் பிரிக்கவில்லை. சுகமாயிருக்கிற நாம் ஞாயிறுதோறும் சுகவீனர்களிடமிருந்து வாங்கிக்கொண்டுதான் பாடுகிறோம்.

ஆகையால் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது, ஒரு சிறு காகிதத்தில் உங்கள் வீட்டு ஜெபக் குறிப்பையும் எழுதி அனுப்புங்கள். மகளின் திருமணமாக இருக்கலாம், பேரனின் பரீட்சையாக இருக்கலாம். வார்டில் படுத்திருக்கிறவர்களில் விருப்பமுள்ளவர்களிடம் அதைக் கொடுத்து, இவர்களுக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறேன். அவர்களுக்கும் ஒரு ஊழியம் இருக்கட்டும்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.